ரொம்பிகோசிடோடெகஹீட்ரல்: வாய் வெட்டும் இடமும் பொருள் வெட்டும் இடமும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரத்தில் கணிதம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பாடசாலையின் கணித தினத்துக்காக இவரும் கூட்டாளிகளும் சேர்ந்து மட்டையில் 62 முகமுள்ள ஒரு திண்மம் செய்திருக்கிறார்கள். அதை மேடையில் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவது இவர் பொறுப்பு. ‘திஸ் இஸ் அவர் ரொம்பிகோசிடோடெகஹீட்ரல் மொடல்’ என்று தொடங்க வேண்டும். அந்த நீளச் சொல்லில் எத்தனை சிலபிள் (ஒரு உயிரொலியோடு சேர்ந்து ஒலிக்கும் துண்டு), எதை அழுத்திச் சொல்வது, பிரித்தால் என்ன பொருள் என்பது கேள்வி. தான் எண்ணினால் ஆறு வருகிறது, கூட்டாளி பத்து என்கிறாள், யார் சரி என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டும் இல்லை தங்கச்சி, ஒன்பது. ரொம்-பி-கோ-சி-டோ-டெ-க-ஹீ-ட்ரல். ஆங்கிலத்தில் எழுதினால் 22 எழுத்து. முக்கிய அழுத்தம் எட்டாவது சிலபிளில், ‘ஹீ’ என்ற இடத்தில் விழும். பொருள் தரும் துண்டுகள் ஐந்து: ரொம்ப், இகோசி, டோடெக, ஹீட்ர், அல்.

ஆனால் உங்கள் ஆறும் கூட்டாளியின் பத்தும் சும்மா வந்த பிழைகள் அல்ல. இரண்டுக்கும் பின்னால் நம்முடைய தமிழ் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்தச் சொல் மட்டுமல்ல, இதுபோல எந்த நீளச் சொல் வந்தாலும் நீங்களே பிரித்துவிடலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் ஆறு. நீங்கள் தமிழ்ப் பாடத்தில் குறளுக்குச் சீர் பிரித்த பழக்கத்தில் எண்ணியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எண்ணினால் ஆறுதான் வரும். ‘ரொம்’ நேரசை. ‘பிகோ’ குறிலும் நெடிலும் சேர்ந்த நிரையசை. ‘சிடோ’ அதேபோல நிரை. ‘டெக’ இரண்டு குறில் இணைந்த நிரை. ‘ஹீட்’ நேர், ‘ரல்’ நேர். ஆக ஆறு அசை. யாப்பிலக்கணப்படி அது சரியான கணக்கு. ஆனால் நம் நிரையசை ஒன்றுக்குள் இரண்டு உயிரொலி இருக்கும். ஆங்கிலச் சிலபிளுக்குள் ஒரு உயிரொலிதான் இருக்க முடியும். உங்கள் மூன்று நிரையையும் இரண்டிரண்டாக்குங்கள், ஆறு ஒன்பதாகிவிடும். சிலபிள் என்பதை அசை என்றே தமிழில் எழுதுவது வழக்கம், குழப்பம் அங்கேதான் நுழைகிறது. இந்தப் பதில் முழுக்க ஆங்கிலத்துக்குச் சிலபிள் என்றும் தமிழுக்கு அசை என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

அப்புறம் கூட்டாளியின் பத்து. அவர் கடைசியை ‘ஹீ-ட-ரல்’ என்று சொல்லியிருப்பார். தமிழில் ட் என்ற மெய்க்குப் பிறகு ர வராது. ட் வந்தால் அடுத்து இன்னொரு ட, அல்லது க, ச, ப இவற்றில் ஒன்றுதான் வரும்: பட்டு, வெட்கம், மாட்சி, நட்பு. ‘ட்ர’ என்ற கூட்டைக் கண்டதும் நம் நாக்கு நடுவில் ஓர் உயிரைச் செருகி அதை இலகுவாக்கிக்கொள்ளும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையை ‘இஸ்டோர்’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்டோர்’ என்று ஒரே சிலபிளாக இருந்த சொல், முன்னால் ஒரு ‘இ’ வாங்கி இரண்டாகிவிட்டது. ‘இஸ்கூல்’ அதே கதை. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் வந்த ‘இ’ அது. பேச்சில் அது குறையே இல்லை, ஒரு மொழி இன்னொரு மொழிச் சொல்லை வீட்டுக்குள் அழைக்கும் முறை அது. ஆனால் மேடையில் ஆங்கிலமாகவே சொல்லும்போது அந்தச் செருகலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்தாகிவிடும்.

எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, நான் வகுப்பில் இன்றும் செய்விப்பது. புறங்கையைத் தாடைக்குக் கீழே ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். உயிரொலி வரும்போதெல்லாம் தாடை இறங்கிக் கையைத் தொடும். ‘ரொம்’ என்பதில் நன்றாக இறங்கும், ‘பி’யிலும் ‘சி’யிலும் மெல்ல, ‘கோ’விலும் ‘டோ’விலும் தெளிவாக. கடைசியில் ‘ஹீ’ ஒரு தொடுதல், ‘ட்ரல்’ ஒரு தொடுதல். அந்த இடத்தில் மூன்று முறை கை உணர்ந்தால் ‘ட’வுக்குள் உயிர் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இனி முக்கியமான விடயம். ஒரு நீளச் சொல்லை இரண்டு விதமாக வெட்டலாம். வாய் ஒரு மாதிரி வெட்டும், பொருள் வேறு மாதிரி வெட்டும். இரண்டு வெட்டும் எப்போதும் ஒரே இடத்தில் விழாது. பிள்ளைகள் நீளச் சொற்களில் தடுமாறுவதற்கு நான் பார்த்த பெரிய காரணம், இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதுதான்.

இது ஆங்கிலத்தின் வினோதம் இல்லை. முதல் குறளில் ‘எழுத்தெல்லாம்’ என்று ஒரு சீர் வருகிறது. பொருள்படிப் பிரிக்கச் சொன்னால் எழுத்து, எல்லாம் என்பீர்கள். அலகிடச் சொன்னால் எழுத்-தெல்-லாம் என்று வெட்டுவீர்கள்: நிரை, நேர், நேர், புளிமாங்காய். ‘எழுத்து’ என்பதன் கடைசி உகரம் கெட்டு, மிஞ்சிய த் அடுத்த சொல்லின் எகரத்தில் ஏறிக்கொண்டது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வது இதைத்தான். பொருளுக்கு அந்த த் ‘எழுத்து’க்குச் சொந்தம். வாய்க்கு அது ‘தெல்’லுக்குச் சொந்தம். இரண்டு கணக்கும் சரி, இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள்.

உங்கள் ஆங்கிலச் சொல்லில் இது இரண்டு இடத்தில் நடக்கிறது. முதலாவது, ‘ரொம்ப்’ என்ற துண்டும் ‘இகோசி’ என்ற துண்டும் சந்திக்கும் இடம். ப் என்ற மெய் ‘இ’ மேல் ஏறி ‘பி’ ஆகிறது. பொருள் வெட்டு ரொம்ப்|இகோசி, வாய் வெட்டு ரொம்|பி|கோ|சி. இரண்டாவது, கடைசி. பொருள்படி ‘ஹீட்ர்’ என்பதுடன் ‘அல்’ சேர்கிறது. வாயில் ட்ர் இரண்டும் ‘அல்’ மேல் ஏறி ‘ட்ரல்’ ஆகிவிடுகிறது. இந்த இரண்டு இடம் தவிர மற்ற எல்லைகளில் இரண்டு வெட்டும் ஒத்துப்போகின்றன: இகோசி முடியும் இடத்தில் ‘சி’யும் முடிகிறது, டோடெக முடியும் இடத்தில் ‘க’வும் முடிகிறது.

இனிப் பொருள். நீளமான ஆங்கில வடிவப் பெயர்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிப்பது நல்லது. தமிழில் பகுபதத்தைப் பிரிக்கும்போது விகுதியை முதலில் கழற்றுகிறோமே, அதே மாதிரி.

‘அல்’ என்பது லத்தீனிலிருந்து வந்த விகுதி. பெயரோடு சேர்ந்து அதை அடைமொழியாக்கும். ‘சென்ட்ரல்’, ‘நெச்சுரல்’ எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். திண்மத்தின் பெயர் ‘ஹீட்ரன்’ என்று முடியும், அந்த வடிவத்திலுள்ள ஒன்றைச் சொல்லும்போது ‘ஹீட்ரல்’ ஆகும். உங்கள் வாக்கியத்தில் ‘மொடல்’ பின்னால் வருவதால் ‘ஹீட்ரல்’ சரி. ‘மொடல்’ இல்லாமல் ‘இது ஒரு...’ என்று முடிப்பதானால் ‘ஹீட்ரன்’ என்று சொல்ல வேண்டும். மேடையில் இதை மாற்றிவிடாதீர்கள்.

‘ஹீட்ர்’ என்பது கிரேக்கத்தில் ‘ஹெட்ரா’. அதன் பொருள் இருக்கை, உட்காருமிடம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துண்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கண்டியில் புனித அந்தோனியார் கதீட்ரல் இருக்கிறது, பதுளையில் புனித மரியாள் கதீட்ரல் இருக்கிறது. ஆயரின் இருக்கை உள்ள கோவில்தான் கதீட்ரல். கிரேக்கத்தில் ‘கதெட்ரா’ என்றால் ஆசனம். ‘கத’ என்ற முன்னொட்டும் ‘ஹெட்ரா’வும் சேர்ந்தபோது ஹகர மூச்சு தகரத்துக்குள் கரைந்துவிட்டது. ‘கதீட்ரல்’ என்ற சொல்லும் முதலில் அடைமொழிதான், ஆசனத்துக்குரிய கோவில் என்ற பொருளில். ஆக ‘கதீட்ரல்’ என்று சரியாகச் சொல்லத் தெரிந்த எவருக்கும் இந்தச் சொல்லின் கடைசி இரண்டு சிலபிள் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அதே நெடில், அதே ட்ர, அதே மெலிந்த ‘அல்’, அழுத்தம்கூட அதே இடம். வடமொழியில் ‘சத்’ என்ற வேரும் உட்காருவதைத்தான் குறிக்கும். ‘சதஸ்’, ‘உபநிஷதம்’ இரண்டிலும் இருப்பது அந்த வேர், கிரேக்க ஹெட்ராவுக்கு அது உறவு.

ஒரு திண்மத்தை மேசைமேல் வைத்தால் அது ஏதோ ஒரு பக்கத்தில்தான் உட்காரும். அந்தப் பக்கத்தைக் கிரேக்கர் இருக்கை என்றார்கள். நம் பாடநூல்கள் அதையே முகம் என்கின்றன: நான்முகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. அவர்கள் கீழே படும் பக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் நம்மைப் பார்க்கும் பக்கத்தை. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் வகுப்பில் ‘முகி’ என்பதுதான் சட்டென்று மனதில் பதிகிறது.

‘டோடெக’ பன்னிரண்டு. ‘டோ’ இரண்டு, ‘டெக’ பத்து. அவர்கள் இரண்டை முன்னாலும் பத்தைப் பின்னாலும் வைத்தார்கள், நாம் பத்து இரண்டு என்று வைத்து அதைப் பன்னிரண்டு ஆக்கினோம். முகி சேரும்போது ‘இரண்டு’ குறுகி ‘இரு’வாகிப் பன்னிருமுகி. ‘இகோசி’ இருபது.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இருபதும் பன்னிரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்த்துப் பெருக்கியோ கூட்டியோ முகத்தின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 240 ஆக இருக்குமோ, 32 ஆக இருக்குமோ என்று யோசிக்கிறார்கள். உங்கள் மொடலில் 62 முகம். அப்படியானால் மீதி முப்பது எங்கே போனது? அதற்குப் பதில் ‘ரொம்ப்’ என்ற முதல் துண்டில் இருக்கிறது, அது கொஞ்சம் சுற்றிவரும்.

மொடலைக் கையில் எடுங்கள். ஒரு பன்னிருமுகியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்: 12 ஐங்கோணி முகம், 30 விளிம்பு, 20 உச்சி. அந்த 12 முகத்தையும் அளவு மாறாமல் மெல்ல வெளிப்பக்கமாக இழுத்துப் பிரிக்கிறீர்கள் என்று வைப்போம். முகங்களுக்கிடையே இருந்த ஒவ்வொரு விளிம்பும் வாய் பிளக்கும். சரியான தூரத்தில் நிறுத்தினால் அந்தப் பிளவு ஒரு சதுரம். 30 விளிம்பு, 30 சதுரம். மூன்று முகங்கள் சந்தித்த ஒவ்வொரு உச்சியும் திறந்து ஒரு முக்கோணியாகும். 20 உச்சி, 20 முக்கோணி. கூட்டுங்கள்: 12, 30, 20, ஆக 62. இருபதுமுகியிலிருந்து தொடங்கி இழுத்தாலும் இதே திண்மம்தான் கிடைக்கும். அதற்கு 20 முக்கோணி முகமும் 30 விளிம்பும் 12 உச்சியும் இருப்பதால் கணக்கு தலைகீழாக வந்து சேரும். ஒரே வடிவத்துக்கு இரண்டு பெற்றோர், இருபதுமுகியும் பன்னிருமுகியும். பெயரில் இகோசியும் டோடெகவும் ஒன்றாக நிற்பது அதனால்தான். அவை மொத்த முகத்தின் எண்ணிக்கை அல்ல, பரம்பரைப் பெயர் மாதிரி.

விளிம்பும் உச்சியும் எண்ணிப் பார்த்தீர்களா? முக்கோணிகளின் பக்கங்கள் 60, சதுரங்களுடையவை 120, ஐங்கோணிகளுடையவை 60, மொத்தம் 240. ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகத்துக்குப் பொது, ஆக 120 விளிம்பு. ஒவ்வொரு உச்சியிலும் நான்கு முகம் சந்திக்கிறது, ஆக 60 உச்சி. முகமும் உச்சியும் கூட்டினால் விளிம்பைவிட இரண்டு கூட வரும் என்ற ஒயிலரின் தொடர்பில் போட்டால் 62 + 60 = 120 + 2. மேடையில் யாராவது எண்ணிக்கையைக் கேட்டால் இதைச் சொல்லலாம்.

இனி ‘ரொம்ப்’. இது சாய்சதுரம். கிரேக்கத்தில் ‘ரொம்போஸ்’ என்பது சுழலும் ஒரு பொருளுக்கான பெயர், சுழற்றுவது என்ற வினையிலிருந்து வந்தது. ஆனால் உங்கள் மொடலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், சரிந்த சாய்சதுரம் ஒன்றுகூட இல்லை. முக்கோணி, சதுரம், ஐங்கோணி மூன்றும்தான். அப்படியிருக்க ஏன் இந்தப் பெயர்?

இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஒழுங்கான முகங்களும் ஒரே மாதிரியான உச்சிகளும் கொண்ட 13 திண்மங்களை ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார், அவர் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை, பிற்காலத்துக் கிரேக்கக் கணித அறிஞர் பப்பஸ் எழுதிவைத்த குறிப்பால்தான் தெரியும். கோள்களின் பாதையைக் கணித்த அதே யொஹான்னஸ் கெப்லர், 1619ல் வெளிவந்த தமது நூலில் அந்தப் பதின்மூன்றையும் மறுபடி வரிசைப்படுத்திப் பெயர் வைத்தார். 30 சாய்சதுர முகமுள்ள இன்னொரு திண்மம் இருக்கிறது. அதை அவர் ‘இகோசிடோடெகஹீட்ரல் ரொம்ப்’ என்ற பொருளில் அழைத்தார். அதன் மூலைகளை வெட்டினால் வரும் வடிவம் என்று கருதித்தான் உங்கள் திண்மத்துக்கு ரொம்பிகோசிடோடெகஹீட்ரன் என்று சுருக்கிப் பெயரிட்டார். உங்கள் மொடலில் உள்ள 30 சதுரத்தையும் மட்டும் எடுத்து, அவற்றின் தளங்களைச் சுற்றிலும் நீட்டிக்கொண்டே போனால், முக்கோணிகளும் ஐங்கோணிகளும் மூடுண்டு, அந்த 30 சாய்சதுரத் திண்மம் கிடைக்கும். சாய்சதுரம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சதுரங்கள் அதன் தளங்களிலேயே கிடக்கின்றன. காணாமல் போன முப்பதைப் பெயரில் தாங்கி நிற்பது இந்த ஒற்றைச் சிலபிள் ‘ரொம்ப்’. சொல்லின் துண்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், காரணம் அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சாய்சதுரம் நேராகவே தெரியும் வடிவம் வேண்டுமானால் கார்னெட் கல்லைப் பாருங்கள். நம் மலைப் பாறைகளில் செங்கருநிற மணிகளாகப் பதிந்திருப்பது அது. கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். நன்றாக வளர்ந்த கார்னெட் படிகம் பெரும்பாலும் 12 சாய்சதுர முகத்தோடு இருக்கும். அதை ‘ரொம்பிக் டோடெகஹீட்ரல்’ என்பார்கள். அங்கே ‘ரொம்பிக்’ என்பது கண்ணால் காணும் முகத்தைச் சொல்கிறது, உங்கள் சொல்லில் ‘ரொம்ப்’ தளத்தின் நினைவை மட்டும் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 62 முகமுள்ள இன்னொரு ஆர்க்கிமிடீஸ் திண்மமும் இருக்கிறது. அதில் 30 சதுரம், 20 அறுகோணி, 12 பத்துப் பக்கப் பல்கோணி. அதற்கும் ‘கிரேட்’ என்ற அடையோடு இதே பெயர் வழங்குகிறது. உங்கள் மட்டையில் முக்கோணியும் ஐங்கோணியும் இருந்தால் அடையில்லாத பெயரே போதும்.

இப்போது வாய்க்கு வருவோம். எழுத்துக்களை நம்பினால் நான்கு இடத்தில் வழுக்கும்.

முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு எச் இருக்கும். அதற்கு ஒலி இல்லை. கிரேக்க ரகரம் சொல்லின் முதலில் மூச்சோடு வந்ததால் லத்தீன்காரர் அப்படி எழுதினார்கள். ‘ரிதம்’ என்ற சொல்லிலும் அதே எச்தான். வெறும் ‘ரொ’ போதும்.

‘ரொம்ப்’ தனியாக நிற்கும்போது பலர் கடைசி எழுத்தை விழுங்கி ‘ரொம்’ என்பார்கள். குண்டுக்கான ஆங்கிலச் சொல்லிலும் கடைசி எழுத்து ஒலிக்காது. ஆனால் பின்னால் உயிர் வந்தால் அது உயிர்த்தெழும், ‘ரொம்பஸ்’ என்பதில் கேட்கிறதே. இங்கேயும் ‘இ’ வருவதால் கட்டாயம் ஒலிக்க வேண்டும். தமிழில் ‘ம்பி’ என்று எழுதினாலே ‘தம்பி’யில் வருவது போலச் சரியான ஒலி வந்துவிடும், கவலை இல்லை. இன்னொன்று: இருபதுமுகியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும்போது தொடக்கம் ‘ஐ’ என்று இருக்கும். இங்கே ரொம்ப்போடு ஒட்டியதும் அது ‘பி’ என்று குறுகி ஒலிப்பதே வழக்கம். அடுத்து வருவதைக் ‘கோசி’ என்று சொல்பவர்களும் உண்டு, ‘கொசி’ என்று குறிலாகச் சொல்பவர்களும் உண்டு. ஒன்றைத் தெரிவுசெய்து கடைசிவரை அதையே சொல்லுங்கள்.

மூன்றாவது ககரம். இதுதான் தமிழ் எழுத்தை வைத்துப் பயில்பவர்களை அதிகம் ஏமாற்றும். இரண்டு உயிருக்கு நடுவில் தனிக் க வந்தால் நாம் அதை ‘அகம்’, ‘பகல்’ என்பதில் போல மென்மையாகச் சொல்வோம். அதனால் ‘பிகோசி’யும் ‘டெக’வும் வாயில் வேறு ஒலியாக மாறிவிடும். இரட்டித்து ‘டெக்க’ என்று எழுதினால் வல்லொலி வரும், ஆனால் அங்கே ஒரு தேவையில்லாத நிறுத்தமும் வந்துவிடும். ‘கல்’ என்று சொல்லும்போது முதலில் வரும் கடினமான க இருக்கிறதே, அதை அப்படியே நடுவில் கொண்டுபோய் வையுங்கள். ‘டெ’ என்று சொல்லி, மூச்சு விடாமல், ‘கல்’லின் க. இரண்டு மூன்று நாள் சொன்னால் பழகிவிடும்.

நான்காவது, மெலிந்த உயிர்கள். ‘டெக’வின் அகரமும் ‘ட்ரல்’லின் அகரமும் முழு அகரமல்ல. வாயை முழுதாகத் திறக்காமல், அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் சோர்ந்து விழும் ஒலி அது. நம் பாட்டன்மார் இதைக் காதால் சரியாகப் பிடித்தவர்கள். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்ற பெயர் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லின் முதல் உயிர் ஆங்கிலத்தில் இப்படி மெலிந்தே ஒலிக்கும். எழுத்தைப் பார்த்திருந்தால் ‘ப’ என்றிருப்பார்கள். அவர்கள் எழுத்தைப் பார்க்கவில்லை, கேட்டார்கள், அதனால் ‘பெ’ என்றார்கள்.

அழுத்தம் பற்றி. தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம் கொடுப்போம், நீட்டலும் குறுக்கலும்தான் வேறுபாடு. ஆங்கிலத்தில் ஒரு சிலபிள் பலமாகவும் நீளமாகவும் சற்று உயர்ந்த குரலிலும் வரும், பக்கத்தில் உள்ளவை ஒடுங்கும். ஒன்பதையும் சமமாகச் சொன்னால் கேட்பவருக்குச் சொல் புரியாது, ஒரு நீளமான ஓசையாகத்தான் போய்ச்சேரும். அதனால் நான்கு சீராக வைத்துக்கொள்ளுங்கள்: ரொம்பி, கோசி, டோடெக, ஹீட்ரல். ஒவ்வொரு சீரின் முதலிலும் ஒரு சிறு தட்டு, ‘ஹீ’யில் மட்டும் பெரிய தட்டு. முகியில் முடியும் எல்லாச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் இதே விதிதான். இரசாயனத்தில் மெதேன் மூலக்கூற்றின் நான்முகி வடிவத்தை ‘டெட்ராஹீட்ரல்’ என்றும் எண்முகியை ‘ஒக்டாஹீட்ரல்’ என்றும் சொல்வார்களே, அங்கேயும் பலம் ‘ஹீ’யில்தான். அதைக் குறிலாக்கி ‘ஹெட்ரல்’ என்பவர்களும் இருக்கிறார்கள், அது பிழையில்லை. ஆனால் அப்போதும் பலம் அதே இடத்தில்தான்.

பயிற்சியை முன்னாலிருந்து தொடங்காதீர்கள். முன்னாலிருந்து சொன்னால் போகப் போகத் தெரியாத இடத்துக்குப் போகிறோம், நடுவிலேயே மூச்சும் தைரியமும் குறைந்துவிடும். பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் ‘ஹீட்ரல்’ மட்டும் பத்துத் தடவை, கதீட்ரலை நினைத்துக்கொண்டு. அப்புறம் ‘டோடெகஹீட்ரல்’. அது நாக்கில் உட்கார்ந்ததும் ‘கோசிடோடெகஹீட்ரல்’. கடைசியாக முழுச் சொல். இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் புதிய துண்டில் தொடங்கிப் பழகிய துண்டில் போய் முடிப்பீர்கள், முக்கிய அழுத்தம் உள்ள ‘ஹீ’ பழகிய இடத்திலேயே இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் பல வருடமாக நீளச் சொற்களை இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ‘எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்’ என்று கடைசி வாங்கில் ஒதுங்கியிருந்த பிள்ளை இப்படிச் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

மேடையில் ‘திஸ் இஸ் அவர்’ என்று சொல்லி ஒரு நொடி நில்லுங்கள். மொடலைத் தூக்கிக் காட்டுவதற்கும் அந்த நொடி உதவும். சொல்லுக்குள் எங்கேயும் நிறுத்த வேண்டாம். ஒலிவாங்கி இருந்தால் ‘ஹீ’ வரும்போது வாயைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஹகர மூச்சு நேராக அடித்தால் இரைச்சலாகிவிடும். அந்த ஆங்கில வாக்கியம் முடிந்ததும் தமிழிலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் விளங்கட்டும்: ‘இருபது முக்கோணி, முப்பது சதுரம், பன்னிரண்டு ஐங்கோணி சேர்ந்த திண்மம் இது.’